ஆள் கணக்கு

இரும்புப் பெட்டகத்தின் சாவி என் கழுத்தில் கிடக்கிறது.
உள்ளே எண்பது கம்பளி, பதினாறு மண்வெட்டி,
இரண்டு தூக்குப்படுக்கை,
எலி கடித்த ஒரு கூடாரம்.
'பொறுப்பு: தவ்லத்மோ' என்று கதவில் எழுதப்போனவர்
என் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்.

சவ்தராவுக்கு மேலே, நாலு மணி நேர நடையில்,
ஓர் ஏரி இருக்கிறது.
எனக்குக் கல்யாணமான வருஷம் அது இல்லை.
பனிப்பாறைதான். அதன் முதுகில்
என் கொழுந்தன் கழுதை ஓட்டிப் போயிருக்கிறான்.
இப்போது நீலமாய், அழகாய்,
சொல்லக் கூசுகிற அளவுக்கு அழகாய்
சரளைக் கரையை முட்டிக்கொண்டு நிற்கிறது தண்ணீர்.

துஷான்பேயிலிருந்து வந்த பொறியாளர்கள்
பாறைகளில் சிவப்புக் கோடு இழுத்தார்கள்.
கோட்டுக்குக் கீழே ஆபத்து. மேலே பயமில்லை.
அது என் வீட்டுச் சுவரிலும் ஏறி இறங்கியது.
ஐந்து தூண்களில் அடுப்போரத்து மூன்று கீழே,
படுக்கைப் பக்கத்து இரண்டு மேலே.
"அப்படியானால் சமைக்கும்போது சாகலாம்,
தூங்கும்போது கூடாதா?"
இளையவன் சிரிக்கவில்லை.
தூரிகையைத் துடைத்துக்கொண்டே
"கணினி சொன்னது, அக்கா" என்றான்.
எல்லோரும் ஓடி ஏற வேண்டிய இடமாக
அவர்கள் குறித்துக் கொடுத்தது
எங்கள் இடுகாட்டை.

ஜூனில் சைரன் முதல்முறை அலறியது.
ஏறினோம். கல்லறைகளுக்கு நடுவே
பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம்.
எதுவும் வரவில்லை.
மேலே மலையாடு ஒன்று கம்பியைக் கடித்திருந்ததாம்.
மறுநாள் விடியலில் என் வாசலில்
கருகிய ரொட்டிகள். பதினொன்று.
அடுப்பில் விட்டு ஓடியவர்கள்
ஆளுக்கொன்றாய் வைத்துப் போயிருந்தார்கள்.
யாரும் எதுவும் பேசவில்லை.
பசுவுக்குப் போட்டேன். அதுவும் தின்னவில்லை.

ஜூலை. ஒரு வாரமாய் மேகமில்லாத வெயில்.
கூரைகளில் முசுக்கொட்டைப் பழம் காய்ந்துகொண்டிருந்தது.
கெண்டியில் தண்ணீர் மொள்ள இறங்கினேன்.
ஆறு மெலிந்திருந்தது.
காலையில் முழங்காலுக்கு ஓடியது
கணுக்காலுக்கு ஓடியது.
இந்த வெயிலில் ஆறு பெருகத்தானே வேண்டும்?
சைரனைப் பார்த்தேன். சும்மா இருந்தது.
பாட்டரி தீர்ந்தும் சும்மா இருக்கலாம்,
ஆபத்து இல்லாமலும் சும்மா இருக்கலாம்.

பதினொரு ரொட்டிகளும் நினைவுக்கு வந்தன.
அதை மறைக்க மாட்டேன்.
ஒரு கெண்டி நிறையும் நேரம் நின்றேன்.
பிறகு ஓடிப்போய்க்
கைச்சைரனின் பிடியைச் சுற்றினேன்.

திட்டிக்கொண்டேதான் ஏறினார்கள்.
நிசோர்மமாத் ஒரு கையில் ரொட்டியோடு ஏறினான்,
இந்த முறை கருகக்கூடாதென்று.

இடுகாட்டில் பட்டியலை விரித்தேன்.
நூற்று எண்பத்தேழு பெயர்.
மாஸ்கோவிலும் எகாத்தெரின்பர்கிலும்
செங்கல் தூக்கப் போனவர்கள் நாற்பத்தொன்று.
மீதி நூற்று நாற்பத்தாறு.
எண்ணினேன்: நூற்று நாற்பத்தேழு.
மறுபடி எண்ணினேன்: நூற்று நாற்பத்தேழு.

முர்காப் பக்கத்துக் கிர்கிஸ்காரன், தொக்தோசுன்.
உருளைக்கிழங்கு லாரியைப் பாலத்தருகே நிறுத்தித்
தூங்கிக்கொண்டிருந்தவன்.
எங்கள் பேச்சு அவனுக்குப் புரியாது.
ஓடினார்கள், ஓடினான்.
ஒரு காலில்தான் பூட்ஸ் இருந்தது.

அப்போதுதான் வாசனை வந்தது.
சத்தத்துக்கு முன்னால் வாசனை,
புதிதாய்த் தோண்டிய குழியின் வாசனை.
பிறகு மரங்கள் நின்ற நிலையிலேயே
எங்களைத் தாண்டி நடந்து போயின.

மண்ணுக்குச் சிவப்புக் கோடு வாசிக்கத் தெரியவில்லை.
கோட்டுக்கு வெகு மேலே இருந்த
நிசோர்மமாதின் வீட்டைக் கொண்டுபோனது.
என் வீட்டில் படுக்கைப் பக்கத்தை எடுத்துக்கொண்டு
அடுப்பை விட்டுவைத்தது,
உள்ளே கரிக்கட்டையாய் என் ரொட்டியோடு.

அன்றிரவு எண்பது கம்பளியை
நூற்று நாற்பத்தேழால் வகுத்தேன்.
கைபேசியில் சிக்னல் வந்ததும்
மாஸ்கோவிலிருந்து என் கணவர்:
"எல்லோரும் இருக்கிறார்களா?"
"ஒருத்தர் அதிகம்" என்றேன்.
அழுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

அறிக்கைத் தாளில்
காணாமல் போனவர்களுக்குக் கட்டம் இருக்கிறது.
கூடுதலாய் வந்தவனுக்கு இல்லை.
ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்,
என் பெயரின் எல்லா எழுத்துகளோடும்.

ஏரியில் பாதி இன்னும் மேலேதான் இருக்கிறது.
பாட்டரி அடுத்த வாரம் வருமாம்.